ரெண்டு கோர் நாலாச்சு, சிஸ்டம் ஏன் தொங்குது?

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துலேருந்து பேசறேன். மணி இப்ப மதியம் ரெண்டு, ஃபேன் சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. வேணும்னேதான் இந்த உச்சி வெயில் நேரமாப் பாத்து வீடியோ எடுக்கறேன். ஏன்னு போகப் போகப் புரியும்.

டேபிள் மேல இருக்கறது ஏஎம்டி ஃபினம் 2 எக்ஸ்2 550. 2009-ல வந்த சிப். பெட்டியில ரெண்டு கோர்னு போட்டிருப்பான், கோர்னா சிப்புக்குள்ள கணக்குப் போடற மூளை. உள்ள இருக்கற சிலிக்கான் டெனெப்னு ஏஎம்டி பேர் வெச்ச நாலு கோர் டிசைன்தான், ரெண்ட அடைச்சு வித்துட்டான். பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங்ஸ் பக்கம்) ஏசிசின்னு ஒரு ஆப்ஷன், அசுஸ் போர்டுன்னா கோர் அன்லாக்கர், ஏஎஸ்ராக்ல யூசிசி. அத ஆன் பண்ணா சிப் பேரே மாறி ஃபினம் 2 எக்ஸ்4 பி50னு காட்டும். திறக்கறது எப்படின்னு வீடியோ கொட்டிக் கிடக்கு. திறந்த பிறகு சிஸ்டம் தொங்குது, ப்ளூ ஸ்க்ரீன் வருது, கேம் பாதியில வெளிய வந்துடுது, அப்ப என்ன செய்யறது? இன்னிக்கு அத மட்டும்தான் பாக்கப் போறோம்.

அடைச்ச கோர்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு, டெஸ்ட்ல தோத்ததால அடைச்சது. இன்னொண்ணு, நல்லா இருந்தும் ரெண்டு கோர் சிப்புக்கு ஆர்டர் இருந்ததால அடைச்சது. வெளிய பாத்து எவனாலயும் சொல்ல முடியாது. ஆனா தொங்கின உடனே "கோர் போச்சு"ன்னு முடிவு கட்டாதீங்க. ரெண்டு கோருக்குப் போதுமா இருந்த வோல்டேஜ், ஹீட்சிங்க் (சிப் சூட்ட இழுக்கற உலோகத் துண்டு), எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) எதுவும் நாலுக்குப் பத்தாம இருக்கலாம். அதப் பிரிச்சுப் பாக்கறதுதான் வேலையே.

முதல் வேலை, திறந்தத மூடுங்க. ஆமா, மூடுங்க. பயாஸ்ல லோட் ஆப்டிமைஸ்ட் டிஃபால்ட்ஸ் கொடுத்து, பழைய ரெண்டு கோர்லயே ராம சோதிக்கற மெம்டெஸ்ட்86 பிளஸ் ஒரு ராத்திரி ஓடட்டும். ஒரே ஒரு எரர் வந்தாலும் பிரச்சனை பெரும்பாலும் ராம்ல. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரத்துல இருக்கறவங்க ராம கழட்டி அந்த தங்க நிறப் பல்ல பாருங்க. உப்புக் காத்துல கருப்பா ஒரு படலம் பிடிச்சிருக்கும். பென்சில் ரப்பர் வெச்சு மெதுவா தேச்சு, தூள ஊதிட்டு மாட்டுங்க. பாதி கேஸ் இங்கயே முடிஞ்சுடும். ரெண்டு கோர்லயே ஆடற மெஷின நாலு கோர்ல நிமித்தப் பாக்கறது வெட்டி வேலை.

ராம் சுத்தம்னா அடுத்தது பயாஸ். கூல் அண்ட் கொயட் ஆஃப், சி1ஈ ஆஃப். ஃபினம் 2 எக்ஸ்4 960டி மாதிரி டர்போ உள்ள சிப்னா டர்போவும் ஆஃப். இதெல்லாம் வேகத்தையும் வோல்டேஜையும் ஏத்தி இறக்கிட்டே இருக்கும், டெஸ்ட் நடக்கறப்ப அந்தக் குழப்பம் நமக்கு வேணாம். பஸ் 200, மல்டிப்ளையர் 15.5 (ரெண்டையும் பெருக்கினா வர்றதுதான் சிப் வேகம்), நார்த்பிரிட்ஜ் (சிப்புக்குள்ள மெமரிய கவனிக்கற பகுதி, சுருக்கமா என்பி) 2000, ஹைப்பர் டிரான்ஸ்போர்ட் 2000. ஓவர்க்ளாக் பத்தி இப்ப நினைக்கவே கூடாது. அப்புறம் கோர திறங்க. கிகாபைட் போர்டுல ஏசிசி பக்கத்துலயே ஈசி ஃபர்ம்வேர்னு இன்னொரு வரி இருந்தா, அது ஹைபிரிட்ல இருக்கணும்.

திறந்ததும் திரையே வரலையா? பதறாதீங்க. பவர் கார்ட உருவுங்க, மதர்போர்டுல இருக்கற அந்த சிஆர்2032 பட்டன் பேட்டரிய கழட்டுங்க, கிளியர் சிமாஸ் ஜம்பர மாத்தி வெச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பழையபடி போடுங்க. சிப்புக்கு ஒண்ணும் ஆகாது.

விண்டோஸ் வந்துடுச்சுன்னா ஒரு விஷயத்த மொதல்ல தெரிஞ்சுக்கோங்க, நெறைய பேர் ஏமாறற இடம். கோர திறந்ததும் சிப்புக்குள்ள இருக்கற டெம்பரேச்சர் சென்சார் வேலை செய்யாது. இங்க பாருங்க, கோர் டெம்ப் சாஃப்ட்வேர்ல பூஜ்யம் காட்டுது. "ஆஹா, ஜில்லுனு இருக்கு"ன்னு சந்தோஷப்படாதீங்க. ஹெச்டபிள்யூ இன்ஃபோன்னு இன்னொரு சாஃப்ட்வேர திறந்து மதர்போர்டு பகுதிக்கு இறங்கி வாங்க. அங்க ஐடிஇ இல்லேன்னா நுவோட்டான்னு ஒரு சிப் பேருக்குக் கீழ சிபியுன்னு ஒரு வரி இருக்கும். அது சாக்கெட்டுக்கு அடியில இருக்கற சென்சார். உள்ள இருக்கற சூட்ட விடக் கம்மியாத்தான் காட்டும், ஆனா நமக்கு இருக்கறது அது ஒண்ணுதான். அதுல 60 வந்தா டெஸ்ட நிறுத்திடுவேன். இதே டெனெப்ல நாலு கோரா வித்த 955-க்கு ஏஎம்டி சொன்ன உச்சமே 62 டிகிரிதான்.

இப்ப மதியம் ரெண்டு மணி ஏன்னு புரியுதா? மார்கழி காலையில பாஸான மெஷின் அக்னி நட்சத்திரத்துல ஃபெயிலாகும். ரூமே 38 டிகிரின்னா ஹீட்சிங்க் அதுக்குக் கீழ இறங்கவே முடியாது. தகர ஷெட்டுக்குள்ள டிடிபி கடை வெச்சிருக்கறவங்களுக்கு இன்னும் கஷ்டம். அதனால ராத்திரி பத்து மணிக்கு டெஸ்ட் பண்ணிட்டு "ஸ்டேபிள்"னு சொல்லாதீங்க. ஹீட்சிங்க் துடுப்பையும் பாத்துடுங்க. அறுப்பு முடிஞ்சு ரோட்டுலயே நெல்லு காயப் போடற ஊர்ல, துடுப்புக்கு நடுவுல சொணையும் தூசியும் சேந்து கம்பளி மாதிரி அடைச்சிருக்கும். ஃபேன கழட்டாம மேலால ஊதினா அது போகாது.

சரி, டெஸ்ட். சிப்ப முழு லோடுல கணக்குப் போட வெச்சு சோதிக்கற பிரைம்95 புது வெர்ஷன்ல மூணு விதத்த வரிசையா ஓட்டணும். ஸ்மாலஸ்ட் எஃப்எஃப்டி எல்1, எல்2 கேஷுக்குள்ளயே (சிப்புக்குள்ள இருக்கற சின்ன மெமரி) சுத்தும். இந்த சிப்ல ஒவ்வொரு கோருக்கும் 512 கேபி எல்2 தனித்தனியா இருக்கு, அதனால இங்க விழுந்தா பழி பெரும்பாலும் அந்தக் கோர் மேல, இல்ல அதுக்குப் போற வோல்டேஜ் மேல. ஸ்மால் எஃப்எஃப்டி எல்3 வரைக்கும் போகும், அது நாலு கோரும் பங்கு போட்டுக்கற 6 எம்பி. லார்ஜ் எஃப்எஃப்டி ராமையும் மெமரி கன்ட்ரோலரையும் இழுக்கும். ஸ்மாலஸ்ட் சுத்தமா ஓடி மத்தது விழுதுன்னா கோர விட்டுட்டு நார்த்பிரிட்ஜ் பக்கம் பாருங்க.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கறது இங்க செல்லாது. கோருக்கு ஒண்ணா ஓடற நாலு ஒர்க்கர் விண்டோவையும் கண்ணுக்கு முன்னாடி வெச்சுக்கோங்க. இதோ, மூணாவது ஜன்னல் நின்னுடுச்சு. "ரவுண்டிங் வாஸ் 0.5, எக்ஸ்பெக்டட் லெஸ் தேன் 0.4"ன்னு வந்திருக்கு. கணக்குல தப்பு வந்துடுச்சுன்னு அர்த்தம். மத்த மூணும் ஓடிட்டே இருக்கு, ஐகான் பச்சையா இருக்கு, மவுஸ் நகருது. பாக்கறவனுக்கு மெஷின் நல்லா இருக்கற மாதிரியே தெரியும். ஒர்க்கர் நம்பர் 1-லேருந்து எண்ணும், கோர் நம்பர் 0-லேருந்து. மூணாவது ஒர்க்கர்னா கோர் 2.

இன்னொரு தப்புக் கணக்கும் ஓடிட்டு இருக்கு: புதுசா வந்த கோர் எப்பவும் கடைசி ரெண்டுதான்னு. அப்படி ஒண்ணும் கிடையாது. அடைச்ச கோர் நடுவுலயும் இருக்கலாம், திறந்ததும் வரிசை மாறிடலாம். அதனால விண்டோஸோட எம்எஸ்கான்ஃபிக்ல பிராசசர் எண்ணிக்கை மூணுன்னு போட்டா கெட்டது உள்ளயே இருந்து நல்லது வெளிய போயிடலாம். ஒவ்வொரு கோரையும் தனித்தனியா ஆன் ஆஃப் பண்ண பயாஸ்ல சிபியு கோர் ஆக்டிவேஷன் மாதிரி ஒரு பக்கம் இருக்கான்னு தேடுங்க. அது இருந்தா பாதி தலைவலி போச்சு.

பிரைம் ஒண்ணும் சொல்லாமலே சிஸ்டம் விழுந்தா விண்டோஸ் ஈவன்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்க பாருங்க. வீயா லாகர் (ஹார்ட்வேர் எரர எழுதி வைக்கறது) 18 இல்ல 19-ன்னு இருக்கற வரிய திறந்தா கீழ பிராசசர் ஏபிஐசி ஐடின்னு ஒரு நம்பர் இருக்கும், அது கோரோட அடையாள எண். நாலு தடவ விழுந்து நாலு தடவயும் அதே நம்பர்னா ஆள் சிக்கிட்டான். நம்பர் மாறிட்டே இருந்தா கோர சந்தேகப்படாதீங்க, பொதுவான ஏதோ ஒண்ணு, பவரோ எல்3-யோ. ப்ளூ ஸ்க்ரீன்ல க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட்னு வந்தா ஒரு கோர் பதில் சொல்லாம உறைஞ்சுபோச்சுன்னு அர்த்தம், கோர் திறந்த மெஷின்ல அடிக்கடி பாக்கலாம். கெர்னல் பவர் 41 மட்டும் இருக்கா? அது "கரண்ட் போனமாதிரி அணைஞ்சுது"ன்னு மட்டும்தான் சொல்லுது, காரணம் சொல்லாது.

எதுலயும் சேராத கேஸ் ஒண்ணு. ஒரு குறிப்பிட்ட சாஃப்ட்வேர் மட்டும், ஒவ்வொரு தடவையும், திறந்த உடனே அதே இடத்துல விழுதா? அது கோர் இல்ல. புது சாஃப்ட்வேர் கேக்கற கட்டளைத் தொகுப்புகள் எஸ்எஸ்இ 4.1, 4.2, ஏவிஎக்ஸ் எதுவும் ஃபினம் 2-ல கிடையாது. விண்டோஸ் 11-ல 24ஹெச்2 பூட்டே ஆகாததும் இதனாலதான். கெட்ட கோர் இடம் பொருள் பாக்காம விழும்.

கோர் மாட்டிக்கிச்சா, இப்ப வைத்தியம். சிபியு வோல்டேஜ 0.025 வோல்ட் மட்டும் ஏத்துங்க, ஸ்மாலஸ்ட் 15 நிமிஷம் ஓட்டுங்க, விழுந்தா இன்னொரு 0.025. 1.325-ல ஆரம்பிச்சு 1.425 வரைக்கும் போனா சூடு சுமார் 16 சதவீதம் கூடும், ஏன்னா அது வோல்டேஜோட வர்க்கத்துல ஏறும். அதனால ஒவ்வொரு படியிலயும் சாக்கெட் டெம்பரேச்சர பாத்துட்டே வாங்க. சாதா ஹீட்சிங்க் போட்ட மெஷின்ல 1.45-க்கு மேல நான் போக மாட்டேன். அதுக்குள்ள நிக்கலைன்னா ரூட்ட மாத்துங்க: மல்டிப்ளையர 15.5-லேருந்து 14-க்கு இறக்கி 2.8 கிகாஹெர்ட்ஸ்ல ஓட்டிப் பாருங்க. 3.1-ல ரெண்டு கோர விட 2.8-ல நாலு கோர் வீடியோ எடிட்டிங்குக்கு எவ்வளவோ மேல்.

எல்3-ன்னு சந்தேகம் வந்தா சிபியு-என்பி வோல்டேஜ சின்னச் சின்னதா 1.25 வரைக்கும், இல்ல என்பி வேகத்த 2000-லேருந்து 1800-க்கு. அத்லான் 2 எக்ஸ்3-ல சிலதுக்குள்ள டெனெப் சிலிக்கானே இருக்கும், திறந்தா கோரோட சேந்து 6 எம்பி எல்3-யும் முழிச்சுக்கும். அந்த எல்3 கெட்டதுன்னா நாலு கோரும் சேந்து தள்ளாடும். ஒரு கோர மூடிப் பிரயோஜனம் இல்ல, மொத்தமா மூடிட வேண்டியதுதான்.

கோர் எல்லாம் பாஸ், ஆனா 20 நிமிஷத்துல பட்டுனு அணையுதா? ப்ளூ ஸ்க்ரீன் கூட இல்லாம? அப்ப மதர்போர்டு. இங்க கிட்ட வந்து பாருங்க, சாக்கெட்டுக்கு இடது பக்கம் வரிசையா கருப்புக் கட்டம் கட்டமா இருக்கே, இதுதான் விஆர்எம், சிபியுவுக்கு வோல்டேஜ் கொடுக்கற பகுதி. மேல ஹீட்சிங்க் இல்ல. 80 வாட் சிப்புக்குப் போதும், நாலு கோர் கேக்கற கரண்டுக்கு இது கொதிக்கும். பக்கத்துல இருக்கற கப்பாசிட்டர் தலை தட்டையா இருக்கணும். இது பாருங்க, லேசா பணியாரம் மாதிரி உப்பியிருக்கு. இந்த போர்டுல கோர் திறக்கறத விட்டுடுங்க. போர்டு லிஸ்ட்ல 95 வாட் வரைக்கும்தான்னு இருந்தாலும் அதே பதில்தான்.

எஸ்எம்பிஎஸ் பாக்க மல்டிமீட்டர் போதும். பிரைம் ஓடிட்டு இருக்கறப்ப மோலெக்ஸ்ல (எஸ்எம்பிஎஸ்லேருந்து வர்ற நாலு ஒயர் பிளக்) மஞ்சளுக்கும் கருப்புக்கும் நடுவுல வெச்சுப் பாருங்க. 11.4 வோல்ட்டுக்குக் கீழ போனா எஸ்எம்பிஎஸ்ஸ மாத்துங்க. லேபிள்ல 450 வாட்னு போட்டிருக்கறதெல்லாம் வேதவாக்கு இல்ல.

நம்ம ஊருக்குன்னு ஒரு தனித் தலைவலி இருக்கு. ஜூன் 12 மேட்டூர் திறக்கறதுக்கு முன்னாடியே போர் தண்ணிய நம்பி குறுவை நாத்து விட ஆரம்பிச்சுடுவாங்க, லைன் பூரா மோட்டார் ஓடும். 230 இருக்க வேண்டிய இடத்துல 180 வரும். வத்தலா இருக்கற எஸ்எம்பிஎஸ் அப்ப முழு லோடு தாங்காது. அதனால அதே டெஸ்ட யுபிஎஸ் பேட்டரியில அஞ்சு நிமிஷம், லைன்ல அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பாருங்க. யுபிஎஸ்ல நின்னு லைன்ல விழுந்தா ஸ்டெபிலைசர் வாங்குங்க, பயாஸ தொடாதீங்க.

நடுவுல ஒண்ணு, ஏஎம்டி 2014 ஜனவரியில விட்ட ஏபியு (சிபியுவும் கிராஃபிக்ஸும் ஒரே சிப்ல) வரிசைக்குப் பேரே காவேரி. நம்ம ஆத்துப் பேரு. ஆனா அதுல இந்த மடை திறக்கற வித்தை பலிக்காது, வீணா முயற்சி பண்ணாதீங்க.

15 நிமிஷம் நின்னதெல்லாம் பாஸ் இல்ல. ஸ்மாலஸ்ட் ரெண்டு மணி நேரம், ஸ்மால் ரெண்டு மணி நேரம், அப்புறம் எல்லாத்தையும் கலந்து ஓட்டற பிளெண்ட் எட்டு மணி நேரம், அதுல ஒரு மதியமும் வரணும். கூடவே இந்த சோதனை: ஒரு 5 ஜிபி ஃபைல செவன் ஜிப்ல வலது கிளிக் பண்ணி எஸ்ஹெச்ஏ 256 எடுங்க (முழு ஃபைலயும் படிச்சு வர்ற ஒரு அடையாள எண்), பத்து தடவ. பத்தும் ஒரே எண்ணா வரணும். ஒரு தடவ மாறினாலும் அந்த மெஷின்ல டேலி கணக்கு, கல்யாண ஃபோட்டோ எதையும் வைக்காதீங்க. தொங்கற மெஷின் நம்மள எச்சரிக்குது. தொங்காம தப்பாக் கணக்குப் போடற மெஷின் பேக்கப்பையும் சேத்துக் கெடுக்கும். கோர் ஒண்ணு தேறலையா, அத மட்டும் மூடி மூணு கோர்ல ஓட்டுங்க, அதுவும் சும்மா வந்த லாபம்தான்.

எல்லாம் செட்டானதும் கூல் அண்ட் கொயட்ட திரும்ப ஆன் பண்ணி ஒரு நாள் பாருங்க, சும்மா இருக்கறப்ப மட்டும் தொங்கினா அத ஆஃப்லயே விட்டுடுங்க. அப்புறம் இதோ இந்த மாதிரி ஒரு துண்டுச் சீட்டுல ஏசிசி, எந்தக் கோர் ஆஃப், சிபியு வோல்டேஜ், என்பி வோல்டேஜ், மல்டிப்ளையர் எல்லாத்தையும் எழுதி கேபினட் மூடியோட உள்பக்கம் ஒட்டிடுங்க. பட்டன் பேட்டரி தீந்துபோற அன்னிக்கு பயாஸ் எல்லாத்தையும் மறந்துட்டு ரெண்டு கோர்லயே சத்தமில்லாம எழுந்து வரும், நீங்க பாட்டுக்கு வைரஸ்னு நினைச்சு விண்டோஸ ஃபார்மட் அடிச்சுட்டு இருப்பீங்க.