சுவர் விட்டுவைக்கும் விரற்கடை

(கோவையில் பொறியியல் மாணவர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆசிரியர்களே, மாணவ மாணவியரே, எல்லோருக்கும் வணக்கம்.

முப்பது வருஷமாகப் பந்தயக் கார்களுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன் நான். ஒற்றை இருக்கைக் கார்களில் சின்னப் பிள்ளைகள் நகர வீதியில் ஓட்டுகிற பந்தயத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். உடனே ஒத்துக்கொண்டேன். கையோடு ஒரு பொருளும் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, இந்தத் துணியில் சுற்றி வைத்திருப்பதுதான். அது என்ன என்று அப்புறம் சொல்கிறேன்.

ஒற்றை இருக்கைக் கார் இந்த ஊருக்குப் புதிதில்லை. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒரு கார் செய்து, ஓரளவு வசதி இருந்தாலே பந்தயம் ஓட்டலாம் என்று ஆக்கிக் காட்டிய எஸ். கரிவர்தன் நம் ஊர்க்காரர். செட்டிபாளையத்தில் இருக்கும் ஓடுதளம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதற்கு முன்பு அவர் ஃபார்முலா 3, அதாவது ஃபார்முலா 1-க்குக் கீழே இளம் ஓட்டுநர்கள் ஓட்டுகிற பந்தயம், ஓட்டிய நாட்களில் மக்காவ் என்ற ஊருக்கும் போய் வந்தவர். இன்று நான் உங்களைக் கூட்டிப் போக நினைப்பது அந்த மக்காவுக்குத்தான்.

மக்காவ், ஹாங்காங்குக்கு மேற்கே கடலோரத்தில் இருக்கும் சின்ன ஊர். 1999 டிசம்பர் வரை போர்ச்சுகல் ஆட்சி, அதற்குப் பிறகு சீனா. ஊருக்குள் கார் பைத்தியம் பிடித்த சிலர் வீதி வீதியாகக் காரில் போய்ப் புதையல் தேடுகிற மாதிரி ஒரு விளையாட்டு நடத்தலாம் என்று பேசியிருக்கிறார்கள். பேச்சு வளர்ந்து, 1954-இல் முழுப் பந்தயமாகவே நடந்துவிட்டது. முதல் வருஷம் ஜெயித்தவர் எட்வர்டோ டி கார்வாலோ, ஒரு ட்ரயம்ஃப் காரில். 1983-இல் அதை ஃபார்முலா 3 பந்தயமாக மாற்றினார்கள். அந்த முதல் வருஷமே இரண்டு ஓட்டத்திலும் ஜெயித்தவர் 23 வயது அயர்டன் சென்னா. அடுத்த வருஷம் அவர் ஃபார்முலா 1-இல் இருந்தார். அதிலிருந்து ஐரோப்பாவில் மேலே வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் நவம்பர் மாதம் மக்காவுக்கு ஒரு தரம் போய் வருவது பரீட்சை மாதிரி ஆகிவிட்டது.

அந்தத் தடத்துக்குப் பெயர் கியா. ஒரு சுற்று 6.12 கிலோமீட்டர். பாதித் தடம் கடலோரமாக ஓடும் அகலமான சாலை, அங்கே ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மிதித்தபடிதான். மாண்டரின் என்று ஒரு வளைவு வரும். பெயருக்குத்தான் வளைவு, தைரியம் இருப்பவன் அங்கேயும் காலை எடுப்பதில்லை. அதைத் தாண்டியதும் லிஸ்போவா என்ற ஹோட்டல் பக்கத்தில் செங்குத்தாக வலது பக்கம் திரும்ப வேண்டும். அதோடு கடல் மறைந்துவிடும். மேடு ஏறினால் குன்றின் மேல் வீடுகளுக்கு நடுவே போகிற பழைய ஊர்ச் சந்துகள். இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு. வளைவுக்குள் நுழையும்போது வெளியேறுகிற இடம் கண்ணுக்குத் தெரியாது. இறக்கத்தில் மெல்கோ என்று ஒரு கொண்டை ஊசி வளைவு. சாலையின் அகலம் அங்கே 7 மீட்டர்தான். அந்த இடத்தில் பந்தயம் முழுக்க மஞ்சள் கொடி, யாரும் யாரையும் முந்தக் கூடாது. வரிசையாக, ஊட்டி மலைப்பாதையில் பஸ்கள் திரும்புகிற மாதிரி, ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகும்.

கார் செட்டிங் வேலை தெரிந்தவர்களுக்கு இங்கேயே தலைவலி ஆரம்பித்துவிடும். கடலோரச் சாலைக்கு விங்கை, அதாவது காரைக் காற்றால் தரையோடு அழுத்துகிற தகட்டை, படுக்க வைக்க வேண்டும், அப்போதுதான் காற்று இழுக்காது, வேகம் வரும். குன்றின் மேலுள்ள சந்துகளுக்கு விங்கை நிமிர்த்த வேண்டும், அப்போதுதான் டயர் தரையைப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. பெரும்பாலும் படுக்க வைப்பதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஏனென்றால் முந்துவதற்கு இருக்கிற நல்ல இடம் லிஸ்போவாதான். அதன் விலையைக் குன்றின் மேல் அந்தப் பிள்ளைதான் கொடுக்க வேண்டும். பிடிமானம் குறைந்த காரை வைத்துக்கொண்டு, தடுப்புக்கு ஒரு விரற்கடை தள்ளி ஓட்ட வேண்டும்.

இன்னொன்று. அது ஊர்ச் சாலை. பகலில் பயிற்சி முடிந்ததும் சாயங்காலம் தடுப்பைத் திறந்துவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஓடும். எண்ணெய் சொட்டும், புழுதி படியும். காலையில் வந்து பார்த்தால் நேற்று டயர் பதித்துவிட்டுப் போன தடம் இருக்காது.

செட்டிபாளையத்திலோ சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்திலோ ஒரு பையன் வளைவில் பத்து அடி தப்பாகப் போனால் மண்ணில் சறுக்கி நிற்பான், துடைத்துக்கொண்டு திரும்பி வருவான். அந்த மண் அவனுக்கு ஆசிரியர். வீதியில் அந்த ஆசிரியர் இல்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவனே எண்ணிக்கொள்ள வேண்டும். நல்ல ஓட்டுநர்கள் வியாழக்கிழமை முதல் பயிற்சியில் தடுப்புக்கு ஓர் அடி தள்ளிப் போவார்கள். வெள்ளிக்கிழமை ஒரு சாண். சனிக்கிழமை 10 சுற்றுத் தகுதிப் பந்தயம், ஞாயிறு 15 சுற்றுப் பெரிய பந்தயம். ஞாயிற்றுக்கிழமைதான் அந்த விரற்கடை. வியாழக்கிழமையே விரற்கடைக்குப் போகிறவனின் கார் பெரும்பாலும் கிரேனில் தொங்கித்தான் நாங்கள் வேலை பார்க்கிற பிட்டுக்கு வந்து சேரும்.

1990-இல் நடந்ததைச் சொன்னால் இது நன்றாகப் புரியும். அப்போது இரண்டு ஓட்டம், இரண்டின் நேரத்தையும் கூட்டி வெற்றியாளர். முதல் ஓட்டத்தில் மிக்கா ஹாக்கினென் ஜெயித்தார். மைக்கேல் ஷூமாக்கர் இரண்டரை விநாடிக்கு மேல் பின்தங்கி இரண்டாவது. அடுத்த ஓட்டத்தில் ஷூமாக்கர் முன்னால், ஹாக்கினென் வால் பிடித்தபடி பின்னால். கணக்கு சுலபம். ஹாக்கினென் முந்தவே வேண்டாம், ஒட்டிக்கொண்டு வந்து முடித்தாலே கோப்பை அவருக்கு. கடைசிச் சுற்று. நேர்ச் சாலையில் இடைவெளி தெரிந்தது, முந்தப் போனார். ஷூமாக்கர் அதே பக்கம் நகர்ந்தார். மோதல். ஹாக்கினெனின் கார் தடுப்பில் போய் நின்றது. ஷூமாக்கர் பின் விங் இல்லாத காரோடு கோட்டைக் கடந்து ஜெயித்தார். ஒருவருக்கு 22 வயது, இன்னொருவருக்கு 21. நகர்ந்தது சரியா தப்பா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. ஜெயிக்கத் தேவையே இல்லாத இடத்தில் ஒரு பெரிய ஓட்டுநரால் காலை எடுக்க முடியவில்லை பாருங்கள், அதுதான் என் மனதை விட்டுப் போகாதது. பின்னாளில் இரண்டு தரம் உலகச் சாம்பியன் ஆனவர் அந்த ஹாக்கினென்.

2017-இல் அதே மக்காவில், கடைசிச் சுற்றின் கடைசி வளைவு. செர்ஜியோ செட்டே கமாரா முதலிடம். ஃபெர்டினாண்ட் ஹாப்ஸ்பர்க் வெளிப்பக்கமாக முந்தப் பார்க்கிறார். ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசருடைய கொள்ளுப்பேரன் இவர். இரண்டு பேரும் தடுப்பில். மூன்றாவதாக வந்துகொண்டிருந்த டான் டிக்டம் இடையில் புகுந்து ஜெயித்துவிட்டார். ஹாப்ஸ்பர்க் சக்கரம் கோணிய காரை இழுத்துக்கொண்டு வந்து நான்காவதாகக் கோட்டைத் தாண்டினார்.

சரி, இதெல்லாம் ஓட்டுகிற பிள்ளையின் கணக்கு. நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, நான் பேச வந்தது அதைத்தான்.

இப்போது இந்தத் துணியைப் பிரிக்கிறேன். இது ஒரு டை ராட். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரத்தைத் திருப்புகிற தண்டு. எனக்கு அப்போது 24 வயது. எந்த ஊர், எந்த அணி என்பதெல்லாம் வேண்டாம். எங்கள் காரை ஓட்டிய பையனுக்கு 17 வயது. பயிற்சியில் இடது முன் சக்கரத்தைத் தடுப்பில் லேசாக உரசிவிட்டு உள்ளே வந்தான். "அண்ணா, ஸ்டியரிங் கொஞ்சம் வலது பக்கம் சாய்ஞ்சு நிக்குது" என்றான். நான் குனிந்து பார்த்தேன். தண்டு நேராகத்தான் தெரிந்தது. மூத்தவர் ஒருவர் நேரமாகிறது, அனுப்பு என்றார். டோவை, அதாவது முன் சக்கரங்கள் உள்ளே வெளியே சாய்ந்து நிற்கிற கோணத்தை, மட்டும் சரிபண்ணி ஸ்டியரிங்கை நேராக்கி அனுப்பிவிட்டேன். மூன்றாவது சுற்றில் இது முறிந்தது. இதோ, லாக் நட்டு முடிகிற இடத்தில், மரையின் முதல் பள்ளத்தில். பையனுக்கு மணிக்கட்டு உடைந்தது. அவன் தேறி வந்து பிறகும் ஓட்டினான். ஆனால் அவன் என்னிடம் சொல்லியிருந்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது. கேட்டுக்கொள்ள வேண்டியவன் நான்.

மக்காவுக்கே திரும்புகிறேன். 2018 நவம்பர் 18. சோஃபியா ஃப்ளோர்ஷ், ஜெர்மனிப் பெண், 17 வயது. லிஸ்போவாவுக்கு முந்திய நேர்ச் சாலையில், முன்னால் போன நம் மும்பைப் பையன் ஜெஹான் தாருவாலாவின் காரோடு உரசல். அந்த இடத்தில் அவளுடைய காரின் வேகம் மணிக்கு 276 கிலோமீட்டர். கார் பின்பக்கமாகச் சறுக்கி, வளைவின் உள்விளிம்பில் உயர்த்திப் போட்டிருந்த மேட்டில் ஏறிப் பறந்தது. ஷோ சுபோய் என்ற ஜப்பானிய ஓட்டுநரின் காரை இடித்துவிட்டு, வேலியைக் கிழித்துக்கொண்டு, புகைப்படக்காரர்கள் நிற்கிற கூண்டில் போய் விழுந்தது. அவளுக்கு முதுகெலும்பு முறிவு. சுபோயும், இரண்டு புகைப்படக்காரர்களும், தடத்தோரம் நின்று பாதுகாப்பைக் கவனிக்கிற மார்ஷல் ஒருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒருவரும் சாகவில்லை.

ஒருவரும் சாகவில்லை என்பதற்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்று பொறியியல் படிக்கிற நீங்கள் யோசிக்க வேண்டும். உள்ளே இருக்கிற ஆளைச் சுற்றி நசுங்காமல் நின்ற கார்பன் ஃபைபர் கூடு, கழுத்து முறியாமல் ஹெல்மெட்டைத் தோளோடு சேர்த்துப் பிடிக்கிற பட்டை, பல மணி நேரம் நின்று அறுவை சிகிச்சை செய்த டாக்டர்கள். அந்தக் காரில் தலைக்கு மேல் வருகிற ஹேலோ வளையம் இல்லை, அடுத்த வருஷக் காரில்தான் வந்தது. ஆனால் அந்த உள்விளிம்பு மேட்டையும் அங்கே யாரோ ஒருவர்தான் வடிவமைத்துப் போட்டார். காரை மெதுவாக்க வேண்டும் என்று போட்ட மேடு, வேறு கோணத்தில் வந்த காருக்கு ஏணி ஆகிவிட்டது. ஆளை நிறுத்தலாம் என்று அந்தக் கூண்டின் இடத்தை முடிவு செய்தவரும் யாரோ ஒருவர். வேண்டுமென்று தப்புச் செய்தவர்கள் இல்லை அவர்கள். என்னைப் போலக் குனிந்து பார்த்து, நேராகத்தான் இருக்கிறது என்று நினைத்தவர்களாக இருக்கும்.

ஃப்ளோர்ஷ் அடுத்த வருஷம் அதே மக்காவுக்கு வந்து அதே லிஸ்போவாவில் திரும்பினாள். அதைக் கேட்டதும் எல்லோரும் அவள் தைரியத்தைப் பாராட்டினார்கள், நானும் பாராட்டினேன். ஆனால் அந்த வயதில் தைரியம் தானாக வரும். எலும்பு கூடக் காத்திருந்து, உடம்பைப் படிப்படியாகத் தேற்றிக்கொண்டு வந்த பொறுமைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

நம் சென்னையிலும் வீதிப் பந்தயம் வந்துவிட்டது. 2023 டிசம்பரில் நடக்க இருந்தது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டரில், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. போய்ப் பார்த்தேன். கொடிமரச் சாலையில் தினமும் ஆட்டோவில் போகிற ஆட்கள் தடுப்பில் சாய்ந்துகொண்டு பிள்ளைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபார்முலா 4 ஓட்ட 15 வயது ஆகியிருந்தால் போதும். ஓடி முடிந்து நின்ற ஒரு காரின் டயரைப் பார்த்தேன். பக்கவாட்டில் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, சுண்ணாம்புக் கட்டியால் இழுத்த மாதிரி. கான்கிரீட் சுவரைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறது. இன்னும் அரை விரற்கடை போயிருந்தால் சக்கரம் போயிருக்கும். பக்கத்தில் நின்ற மெக்கானிக் பையன் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. ஓட்டி வந்தவனைக் கூப்பிட்டு, எந்த வளைவு, எப்படித் தொட்டாய் என்று கேட்டான். எனக்கு அங்கே நின்றபோது கண் கலங்கியது.

ஊருக்கு நடுவில் சாலையை அடைத்துப் பந்தயம் வேண்டுமா என்று கேட்டு உயர்நீதிமன்றம் வரை போனார்கள். கேட்டது நியாயம்தான். ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் போகும், சாக்கடை மூடிகள் இறுகியிருக்கின்றனவா, வேலிக்குப் பின்னால் மக்கள் எத்தனை அடி தள்ளி நிற்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தால்தான் அந்தப் பிள்ளைகளைச் சுவருக்கு நடுவில் அனுப்ப நமக்கு உரிமை. 2019-இல் அஜர்பைஜான் நாட்டுப் பாகு நகர வீதியில் நடந்த ஃபார்முலா 1 பயிற்சியில் ஒரே ஒரு சாக்கடை மூடி கழன்று ஜார்ஜ் ரஸ்ஸலின் காரின் அடிப்பாகத்தையே பெயர்த்துவிட்டது. கோடிக்கணக்கில் செலவு செய்கிற இடத்திலேயே அப்படி.

நேரமாகிவிட்டது. இந்தத் தண்டை உங்கள் ஆசிரியரிடம் கேட்டு, லேப்பில் இருக்கிற சர்ஃபேஸ் பிளேட்டின் மேல், அதாவது கோணல் பார்க்க உதவுகிற துல்லியமான சமதளப் பலகையின் மேல், வைத்துவிட்டுப் போகிறேன். யாரும் அவசரப்பட வேண்டாம், ஒவ்வொருவராக வந்து பாருங்கள். முதலில் கையில் எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், நேராகத்தான் தெரியும். அப்புறம் பிளேட்டின் மேல் விரலால் மெதுவாக உருட்டுங்கள். பாதி திரும்பியதும் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும்.

வணக்கம்.