ஏலத்தில் கூப்பிட்ட காசைக் கட்டிவிடுங்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கீழே மிக்ஸி ஓடுகிறது, அதனால் மொட்டை மாடிக்கு வந்துவிட்டேன். காட்பாடி வெயிலைப் பற்றி நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும், இன்றைக்கு அதை விட்டுவிடுகிறேன். வேறு ஒரு விஷயத்தில் மனசு ஆறவே இல்லை.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை முடிந்தது. போன வீடியோவில் கரும்பு கட்டி அலங்காரம் செய்ததைக் காட்டினேனே, அதுதான். ஆராதனை முடிந்ததும் ஏலம், சனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்ததை விற்று அந்தக் காசு சபைக்குப் போகும். கேழ்வரகு, வாழைத்தார், சேவல், பூசணிக்காய், முறுக்கு டின் என்று ஒவ்வொன்றாக மேஜைக்கு வரும். ஒருவர் ஒரே ஒரு முட்டையை 500 ரூபாய்க்கு எடுப்பார், அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுப்பார், இன்னொருவர் 700 என்பார். அந்தக் கலகலப்பு எனக்கு உயிர்.

அதற்கு அப்புறம் நடப்பதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கைதட்டு வாங்கிக்கொண்டு போனவர்களில் நிறைய பேர் பணம் கட்டவில்லை. போன வருடத்துப் பாக்கியே நோட்டில் அப்படியே இருக்கிறது. பொருளாளர் அண்ணன் ஆராதனை முடிந்ததும் அந்த நீள நோட்டோடு வாசலில் நிற்கிறார், அவரைப் பார்த்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கிப் போகிறார்கள். கேட்டால், "கோயிலுக்குத்தானே, மெதுவாகக் கொடுத்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். கோயிலுக்குத்தானே! மளிகைக் கடை அண்ணாச்சியிடம் இப்படிச் சொல்வீர்களா?

நான் எடுத்தது இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். நம் வேலூர்க் கத்தரிக்காய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, காம்பெல்லாம் முள், பிடித்தால் விரலில் ஏறும். இதை விட்டால் எனக்கு வேறு கத்தரிக்காய் கத்தரிக்காயே இல்லை. இரண்டு கிலோ இருக்கும். எதிர்வரிசையில் ஒரு அக்கா விடாமல் ஏற்றிக்கொண்டே போனார், 280, 300, கடைசியில் 320-க்கு என் கைக்கு வந்தது. மார்க்கெட்டில் பாதிகூட ஆகியிருக்காது என்று வீட்டில் சொன்னார்கள். ஆகியிருக்காதுதான். ஆனால் ஏலத்தில் கிடைத்த கத்தரிக்காய்!

சரி, பணம். போனில் அனுப்பினேன், சுற்றிக்கொண்டே இருந்தது. என் கணக்கிலிருந்து போய்விட்டது, சபைக் கணக்குக்கு வரவில்லை. பொருளாளர் அண்ணன், "விடும்மா, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். நல்ல மனுஷன். எனக்குத்தான் முடியவில்லை. வீட்டுக்கு நடந்து போய், அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்த காசை எடுத்து வந்து, மூன்று நூறு, ஒரு இருபது, எண்ணி வைத்து ரசீது வாங்கினேன். போனில் சிக்கிய பணம் இரண்டு நாள் கழித்து என் கணக்குக்கே திரும்பிவிட்டது. அந்த ரசீது இதோ, தெரிகிறதா? வெளிச்சம் அதிகம், கொஞ்சம் இருங்கள், கையால் மறைக்கிறேன். ஆங், இப்போது தெரியும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், முக்கியமானதே அதுதான். நான் ரசீது வாங்கும்போது மேஜை பக்கத்தில் ஒரு பாட்டி நின்றார். பூக்கட்டி விற்கிறவர். அவர் எடுத்தது ஒரு பை கேழ்வரகு, 200 ரூபாய். அன்றைக்கு அவர் கையில் இருந்தது 40. அதை வைத்துவிட்டு, மீதிக்குத் தன் பெயரை நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். அப்புறம் வாரா வாரம் பத்தும் இருபதுமாகக் கொண்டுவருகிறார் என்று அண்ணன் சொன்னார். ஒவ்வொரு தடவையும் ரசீதை மடித்து, பைபிள் உறையின் ஜிப்புக்குள் வைத்துக்கொள்கிறாராம். இன்னும் 60 பாக்கி. அதுவும் வந்துவிடும், எனக்குச் சந்தேகமே இல்லை.

பைபிளில் சங்கீதம் 15-ஐ இன்றைக்கு எடுத்து வாசியுங்கள், அஞ்சே வசனம். கர்த்தருடைய கூடாரத்தில் யார் தங்குவான் என்று கேள்வி. பதிலில் சத்தமாகப் பாடுகிறவன், நீளமாக ஜெபிக்கிறவன் என்று எதுவும் இல்லை. மனதார உண்மை பேசுகிறவன், புறங்கூறாதவன், வட்டிக்கும் லஞ்சத்துக்கும் போகாதவன். நடுவில், "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்." நஷ்டம் வந்தாலும்! 320 ரூபாய்க் கத்தரிக்காய் நஷ்டம்தான். வாயால் கூப்பிட்டாயிற்று, கட்டித்தான் ஆகவேண்டும்.

உண்மையாக இருப்பது என்றால் நிறைய பேருக்கு மிஷனரி வேலைதான் ஞாபகம் வருகிறது. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியை ஆரம்பித்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவைப் பற்றி வீடியோ போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர். இளம் வயதில் திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவத்துக்கு உதவி கேட்டு மூன்று வீட்டிலிருந்து வந்தார்கள். பெண் டாக்டர் இல்லாததால் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அன்றைக்கு எடுத்த முடிவுக்காக அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-ல் திரும்பி வந்தார். வந்த வருடமே டாக்டரான அப்பாவும் இறந்துபோனார். ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சிஎம்சி. எனக்கு அந்தப் பெரிய கட்டடத்தைவிடப் பிடித்தது, குடியாத்தம் சாலையில் மரத்தடியில் நிறுத்தி நிறுத்தி மருந்து கொடுத்துக்கொண்டு வாரா வாரம் போனாரே, அதுதான். சனங்கள் காத்திருப்பார்கள் என்று தெரியும், அதனால் போனார்.

இன்னொன்றும் இருக்கிறது, கமெண்ட் பற்றி. சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறவர்கள், ஜார்க்கண்டிலிருந்து, அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள்கூட, ஜெபிக்கச் சொல்லி எழுதுகிறார்கள். கீழே முப்பது பேர் "ஜெபிக்கிறோம்" என்று போடுகிறீர்கள். ஜெபித்துவிட்டுப் போடுங்கள். ஒரு நிமிடம் போதும், பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அப்புறம் டைப் செய்யுங்கள். நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு காலை ஜெபத்தில் வாசிக்கிறேன். உங்களுக்கு நோட்டு வேண்டாம் என்றால் வேண்டாம், ஆனால் கூப்பிய கைகள் படத்தை மாத்திரம் சும்மா அனுப்பாதீர்கள். அந்தப் பக்கம் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவர் அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் சபைக்காரர்கள் இந்த வீடியோவைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். யார் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெபக்கூட்டம் இருக்கிறது, பொருளாளர் அண்ணன் அரைமணி முன்னாலேயே வந்துவிடுவார். முழுசாக முடியாவிட்டால் ஐம்பது ரூபாயாவது கொண்டுவாருங்கள், மீதியை எப்போது கொடுப்பீர்கள் என்று அவரிடம் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். வாசல் வழியாகவே வாருங்கள்.