பில்லி ஐடலின் முதல் தனி ஆல்பம்

வணக்கம் நேயர்களே. பங்க் என்பது முரட்டுத்தனமான, எளிமையான ராக் இசை, வியாபார வெற்றியைச் சந்தேகமாகப் பார்க்கிற கூட்டம் அது. குழுவை விட்டு வெளியே வந்து தனி ஆல்பம் போடுகிற பங்க் பாடகரைப் பற்றி ரசிகர்கள் எடுத்தவுடன் சொல்கிற வசவு ஒன்று உண்டு: "காசுக்கு விலைபோயிட்டான்." பில்லி ஐடலையும் அது விடவில்லை. 1982இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து அவர் வெளியிட்ட ஆல்பத்தை நான் கேட்டவரை, அந்த வசவு பொருந்தவில்லை.

அவருடைய பழைய குழு ஜெனரேஷன் எக்ஸ், லண்டனில் 1976இல் தொடங்கியது. பிபிசியின் டாப் ஆஃப் த பாப்ஸ் நிகழ்ச்சியில் ஆரம்பத்திலேயே முகம் காட்டிய பங்க் குழுக்களில் அதுவும் ஒன்று, அதனால் குழுவில் இருந்தபோதே அவர்கள் மேல் சந்தேகப் பார்வைதான். பிறகு ஆட்கள் கழன்றுகொண்டார்கள், பெயரைக்கூட ஜென் எக்ஸ் என்று சுருக்கிப் பார்த்தார்கள், எதுவும் எடுபடவில்லை.

ஆனால் கடைசிக் காலத்தில் டான்சிங் வித் மைசெல்ஃப் என்று ஒரு பாட்டு வந்தது. டோக்கியோ கிளப் ஒன்றில் இளைஞர்கள் கண்ணாடியில் தங்களையே பார்த்துக்கொண்டு ஆடியதைக் கண்டு ஐடலும் குழுவின் பேஸ் கிடார்காரர் டோனி ஜேம்ஸும் எழுதியது. 1980இல் இங்கிலாந்து அதைக் கண்டுகொள்ளவே இல்லை, ஆனால் நியூயார்க் கிளப்களில் அதற்கு ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பாட்டு எங்கே ஓடுகிறதோ அங்கே போவதுதானே நியாயம்? 1981இல் ஐடல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார்.

தனி ஆல்பம் என்று பேர்தான், உண்மையில் அது மூன்று பேர் ஆல்பம். தயாரிப்பாளர் கீத் ஃபோர்சி, டிஸ்கோ இசையமைப்பாளர் ஜார்ஜியோ மொரோடரின் பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்தவர். கிடார் ஸ்டீவ் ஸ்டீவன்ஸ், நியூயார்க்காரர், பங்க் ஆட்கள் கேலி செய்கிற அளவுக்கு விரல் வித்தை தெரிந்தவர். இந்த இரண்டு பேரையும் லண்டன் பங்க் கூட்டம் உள்ளேயே விட்டிருக்காது! வொயிட் வெட்டிங் பாட்டைக் கவனியுங்கள், கிடார் மிரட்டலாக ஒரு பக்கம் ஊர்ந்து வர, தாளம் டிஸ்கோ மாதிரி பிசிறில்லாமல் நிற்க, ஐடல் முதலில் அடிக்குரலில் அடக்கிப் பாடிவிட்டு அப்புறம்தான் கத்துகிறார். அந்தக் கத்தல் பழைய பங்க் கத்தல்தான், சுற்றியிருக்கிற இசைதான் மாறியிருக்கிறது. லவ் காலிங்கில் டிரம்ஸே பாட்டை இழுத்துக்கொண்டு போகிறது. நடுவில் சில பாட்டுகள் சுமார் ரகம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹாட் இன் த சிட்டியில் "நியூயார்க்" என்று அவர் கத்துகிற இடம் வரும். வானொலிகளுக்கு அனுப்ப வேறு வேறு நகரங்களின் பெயரைக் கத்தித் தனித்தனிப் பதிப்புகள் பதிவு செய்தார்கள். வியாபாரத் தந்திரம்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் வானொலிக்காரர்களுக்கு இது பிடிக்காமல் போகுமா?

பாட்டு வீடியோக்களுக்கென்றே வந்த எம்டிவி சேனல் தொடங்கி ஒரு வருடம்கூட நிறையாத நேரத்தில் ஆல்பம் வெளிவந்தது. வெள்ளை முடி, சுழித்த உதடு, தோல் ஜாக்கெட், டிவிக்கு வேறென்ன வேண்டும்? 1983இல் வொயிட் வெட்டிங் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் 36ஆம் இடம்வரை போனது. இங்கிலாந்து அதை முதல் பத்துக்குள் ஏற்றியது 1985இல், மறுவெளியீட்டின்போதுதான்.