இலக்கு எழுதுவது சுலபம், கணக்குக் கேட்பது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

காலநிலை மாற்றச் சட்டம் என்றதும் பலருக்கும் ஓர் ஆண்டுதான் ஞாபகத்துக்கு வரும். பிரிட்டன் 2050-க்குள் நிகர பூஜ்யம் (புவியைச் சூடாக்கும் வாயுக்களை வெளியிடுவதும் திரும்ப உறிஞ்சுவதும் சமமாவது), ஜெர்மனி 2045, இந்தியா 2070. மேடையில் சொல்ல ரொம்ப வசதியான எண்கள் இவை, ஏனென்றால் சொல்கிறவர் அந்த ஆண்டில் நாற்காலியில் இருக்கப் போவதில்லை. அதனால் ஒரு நாட்டின் சட்டம் கைக்குக் கிடைத்தால் நான் அந்த ஆண்டைத் தாண்டிப் போய்விடுவேன். நான் தேடுவது வேறு: இடைப்பட்ட வருடங்களில் அரசாங்கத்தைக் கூப்பிட்டு “கணக்கு எங்கே?” என்று கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது, கேட்டால் எந்தத் தேதிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்?

பிரிட்டனிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இந்த மாதிரிச் சட்டத்துக்கு முன்னோடி அவர்கள்தான். 2008-இல் இயற்றினார்கள். 1990-இல் இருந்த உமிழ்வில் 80 சதவீதத்தை 2050-க்குள் குறைப்பது என்று முதலில் இருந்தது, 2019-இல் அதை நூறாக மாற்றினார்கள். ஆனால் சட்டத்தின் உயிர் அந்த எண்ணில் இல்லை. ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஐந்தாண்டுக்கும் நாடு மொத்தமாக இவ்வளவுதான் வெளியிடலாம் என்று ஒரு வரம்பு வைக்க வேண்டும், அதையும் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிவிட வேண்டும். காலநிலை மாற்றக் குழு என்று சுயேச்சையான ஒரு நிபுணர் குழு உண்டு. அது ஒவ்வொரு ஜூன் முடிவதற்குள் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும், அரசு அக்டோபர் 15-க்குள் பதில் தர வேண்டும். குழு சொன்ன வரம்பை அரசு ஏற்கவில்லையென்றால், ஏன் ஏற்கவில்லை என்பதை எழுதி வெளியிட வேண்டும். உத்தரவு போடும் அதிகாரம் குழுவுக்குத் துளியும் கிடையாது, ஆலோசனை மட்டும்தான். இதைக் கேட்டு, அப்புறம் என்ன பிரயோஜனம் என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். சரி, என்ன பிரயோஜனம் என்று பார்ப்போம்.

2021-இல் அந்த அரசு நிகர பூஜ்ய வியூகம் என்று ஒரு பெரிய ஆவணம் வெளியிட்டது. பார்க்கப் பிரமாதமாக இருந்தது. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. வழக்கில்தான் உள்ளே இருந்த சங்கதி வெளியே வந்தது: 2033 முதல் 2037 வரைக்கான வரம்புக்குத் தேவையான குறைப்பில், அதிகாரிகள் தாங்களே போட்ட கணக்கின்படி, அளந்து சொல்லக்கூடிய திட்டங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் சுமார் 95 சதவீதம்தான் வந்தது. மிச்சம் ஐந்து சதவீதம் எப்படி வரும் என்பதற்கு எண் இல்லை. எந்தத் திட்டம் எவ்வளவு குறைக்கும் என்ற பிரிவுக்கணக்கு, கையெழுத்துப் போட்ட அமைச்சருக்கே காட்டப்படவில்லை, நாடாளுமன்றத்துக்கும் சொல்லப்படவில்லை. 2022 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம், இது சட்டப்படி செல்லாது, திரும்ப எழுதிக்கொண்டு வாருங்கள் என்றது. 2023-இல் திருத்திய திட்டம் வந்தது. 2024 மேயில் அதுவும் செல்லாது என்று தீர்ப்பானது, இந்தத் தடவை காரணம், எல்லாத் திட்டமும் சிந்தாமல் சிதறாமல் முழுசாகப் பலன் தரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தது. தொழிற்சாலையை மூடு, காரை நிறுத்து என்றெல்லாம் நீதிமன்றம் சொல்லவில்லை. கணக்கை ஒழுங்காகக் காட்டு என்றது, அவ்வளவுதான். அந்த ஒரு வரியைச் சொல்ல நீதிபதிக்குச் சட்டத்தில் பிடிமானம் இருந்தது.

அயர்லாந்துக் கதையும் கிட்டத்தட்ட இதேதான், ஆனால் எனக்கு இன்னும் பிடித்தது. அங்கே 2015-இல் சட்டம், அதன்கீழ் 2017-இல் ஒரு தேசியத் திட்டம். 2020 ஜூலையில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்தத் திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. காரணம் எளிமையானது. இந்த விஷயத்தில் அக்கறையுள்ள ஒரு சாதாரணக் குடிமகன் அந்தத் திட்டத்தை வாசித்தால், 2050 இலக்கை அரசு எப்படி அடையப்போகிறது என்று அவருக்குப் புரிய வேண்டும், படித்தால் புரியவில்லை, ஆகவே சட்டம் கேட்ட திட்டம் இது இல்லை. நம் ஊர் அரசு ஆவணங்கள் சிலவற்றை இந்தத் தராசில் வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது, அது கிடக்கட்டும். மறு வருடமே அயர்லாந்து சட்டத்தைத் திருத்தி, 2018 அளவிலிருந்து 2030-க்குள் 51 சதவீதக் குறைப்பு என்றும், ஐந்தாண்டு வரம்புகள் என்றும் எழுதிக்கொண்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜெர்மனி 2019-இல் போட்ட சட்டம் பிரிட்டனுடையதைவிடக் கறாரானது. போக்குவரத்து, கட்டடம், தொழில், விவசாயம் என்று துறைவாரியாக, வருடவாரியாக இலக்கு. ஒரு துறை தவறினால் அந்தத் துறையின் அமைச்சர் மூன்று மாதத்துக்குள் அவசரத் திட்டம் தர வேண்டும். 2021-இல் அரசமைப்பு நீதிமன்றம், 2030-க்குப் பிறகு என்ன என்று சட்டம் சரியாகச் சொல்லவில்லை, பாரத்தையெல்லாம் இளைய தலைமுறையின் தலையில் கட்டுகிறீர்கள் என்று சொன்னதும், சில வாரங்களிலேயே 2030 இலக்கை 55-லிருந்து 65 சதவீதமாக உயர்த்தினார்கள், நிகர பூஜ்யத்தை 2045-க்கு முன்னால் கொண்டுவந்தார்கள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் போக்குவரத்துத் துறை இலக்கைத் தவறவிட்டது. 2022-இல் அமைச்சகம் கொடுத்த அவசரத் திட்டத்தைப் பார்த்த நிபுணர் குழு, இது அடிப்படைத் தேவையையே நிறைவேற்றவில்லை, மேற்கொண்டு விவரமாகப் பரிசீலிக்க ஒன்றுமில்லை என்று கையை விரித்தது. 2024 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சர் ஃபோல்கர் விஸ்ஸிங், சட்டத்தைத் திருத்தாவிட்டால் சனி ஞாயிறுகளில் கார் ஓட்டத் தடை போட வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார். சில மாதங்களிலேயே திருத்தம் நடைமுறைக்கு வந்தது. துறைவாரிக் கெடு போய், எல்லாத் துறைக்கும் சேர்த்து மொத்தக் கணக்கு என்றானது. பாம்பின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்று விமர்சகர்கள் சொன்னார்கள். முழுசாகப் பிடுங்கவில்லை என்பது என் கருத்து, ஆனால் யாருடைய காலைக் கடிக்குமோ அந்தக் கால் தப்பித்துக்கொண்டது உண்மை.

சட்டம் இருந்தாலே நிலைத்துவிடும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் கெமி பேடனாக், ஆட்சிக்கு வந்தால் 2008 சட்டத்தையே நீக்கிவிடுவோம் என்று 2025 அக்டோபரில் அறிவித்தார். அந்தச் சட்டம் இயற்றப்பட்டபோது அதை எதிர்த்து வாக்களித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான், அன்று அவருடைய கட்சியும் ஆதரித்துத்தான் வாக்களித்தது.

இந்த இடத்தில் ஆஸ்திரேலியாவைச் சொல்லாமல் போக முடியாது. அங்கே ஒரே காலத்தில் இரண்டு அமைப்புகள் இருந்தன. காலநிலை ஆணையம் என்பது அரசின் நிர்வாக முடிவால் உருவானது. காலநிலை மாற்ற ஆணைக்குழு நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. 2013 செப்டம்பரில் ஆட்சி மாறியது. ஆணையத்தைச் சில நாட்களுக்குள் மூடிவிட்டார்கள், ஓர் அறிவிப்பு போதுமாக இருந்தது. (அதன் உறுப்பினர்கள் மக்களிடம் நன்கொடை வாங்கி வேறு பெயரில் வேலையைத் தொடர்ந்தார்கள், அது தனிக் கதை.) ஆணைக்குழுவையும் மூடத்தான் பார்த்தார்கள், ஆனால் அதற்குச் சட்டத்தை ரத்து செய்ய வேண்டும், நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் அது நடக்கவில்லை. இளைத்துப்போய், ஆள்பலம் குறைந்து, ஆனாலும் அது உயிரோடு கிடந்தது. 2022-இல் புதிய காலநிலைச் சட்டம் வந்தபோது அரசுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பு அதனிடமே வந்து சேர்ந்தது. ஒரே நாடு, ஒரே அரசு, ஒன்று செத்தது, ஒன்று பிழைத்தது.

இதை வைத்துக்கொண்டு இந்தியாவைப் பாருங்கள். 2007-இல் பிரதமர் தலைமையில் ஒரு கவுன்சில், 2008-இல் எட்டு இயக்கங்களோடு தேசியச் செயல்திட்டம், 2014-இல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பெயரோடு காலநிலை மாற்றமும் சேர்ந்தது. எல்லாமே நிர்வாக முடிவுகள். சட்டம் என்று கையில் எடுத்துக் காட்ட, 2022-இல் திருத்திய எரிசக்தி சேமிப்புச் சட்டம் இருக்கிறது. உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றுகளை வாங்கி விற்கும் கார்பன் வணிகத்துக்கு அதுதான் அடிப்படை. காலநிலைக்கென்று ஒட்டுமொத்தச் சட்டம் கிடையாது. அழியும் நிலையிலுள்ள கானமயில் என்ற பறவையைக் காப்பது பற்றிய வழக்கில் 2024 மார்ச்சில், காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளில் அடங்கியிருக்கிறது என்று சொன்ன உச்ச நீதிமன்றமும், அப்படி ஒரு சட்டம் இல்லை என்பதைக் குறிப்பிட்டது.

சட்டம் இல்லாமலே நாம் சாதிக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாத வழிகளிலிருந்து என்ற 2030 இலக்கை 2025-லேயே எட்டிவிட்டோம், பல நாடுகள் சட்டம் வைத்துக்கொண்டும் செய்யாத காரியம் அது. ஆனால் அது நிறுவப்பட்ட திறன். கம்பியில் உண்மையில் ஓடுகிற மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான். இந்த வித்தியாசத்தை அரசின் அறிவிப்பு வந்த அன்றே, அரசுக்கு வெளியே, ஆனால் சட்டத்தின் அதிகாரத்தோடு யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்ல ஆள் இல்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. 2024 டிசம்பர் கடைசியில் இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த அறிக்கையில் இருந்த உமிழ்வுக் கணக்கு 2020-ஆம் ஆண்டுக்கானது. ஜெர்மனியில் போன வருடக் கணக்கு இந்த வருடம் மார்ச் மாதமே வெளிவந்துவிடும், சட்டத்தில் தேதி இருக்கிறது. மின்சாரம் பொதுப் பட்டியலில், விவசாயம் மாநிலப் பட்டியலில் என்று அதிகாரம் பிரிந்து கிடக்கிற நாட்டில் ஒட்டுமொத்தச் சட்டம் எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை, அதற்கு நாளாகும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் இரண்டு பக்கத்தில் ஒரு சட்டம் போடலாம்: போன ஆண்டின் கணக்கு இத்தனாம் தேதிக்குள் நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும், அதைச் சரிபார்ப்பவர்கள் அந்த அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டவர்களாக இருக்கக் கூடாது, அவர்களுடைய சம்பளமும் அந்த அமைச்சகத்தின் பட்ஜெட்டிலிருந்து போகக் கூடாது.