முளையில் தெரியாத திசைகள்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் ஓய்வுபெற்ற பேராசிரியப் பெருமக்களே, பணிச்சுமைக்கு இடையிலும் வந்திருக்கும் குழந்தைநல மருத்துவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். பாலூட்டியின் முளைக்கருவிலோ தொடக்கத்தில் திசை எதுவும் தெரிவதில்லை. தலை-வால், முதுகு-வயிறு, இடம்-வலம் என்னும் மூன்று அச்சுகளும் அதில் எவ்வாறு அமைகின்றன என்பதே இன்றைய பொருள். பழ ஈயின் முட்டையில் தலைப்பக்கத்தைத் தாயே குறித்துவைத்துவிடுகிறது. ஆனால், போலந்து அறிஞர் தார்கோவ்ஸ்கி 1959இல் இரு செல் நிலையிலிருந்த சுண்டெலிக் கருவில் ஒன்றை அழித்தபோது, எஞ்சிய ஒற்றைச் செல்லிலிருந்து முழு எலி உருவாக முடிந்தது. ஏறத்தாழ ஐந்தரை நாளில் கருவின் நுனியை மூடியிருக்கும் சில செல்கள் ஒரு பக்கமாக நகர்கின்றன. அவை சென்ற பக்கம் தலையாகிறது.

என் பள்ளி வகுப்பில் ஓயாமல் இருமும் தோழன் ஒருவன் இருந்தான். கோடையிலும் அவனுக்கு மூக்கொழுகும். மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டர் அவன் இடமார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், நகர்த்தினார், மீண்டும் வைத்தார்; பிறகு வலப்பக்கம் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அன்று மாலை வகுப்பே வரிசையில் நின்று அவன் வலமார்பில் காதை வைத்துக் கேட்டது. அவனும் பெருமையோடு சட்டையைத் திறந்துகொண்டு நின்றான். அந்த இதயத்தையும் அந்த இருமலையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இவ்விரண்டும் சேர்ந்து வருவதை ஸுவிட்சர்லாந்தின் கார்டகெனர் 1933இலேயே விவரித்திருந்தார்; செல்களின் மேல் நுண்மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குற்றிழைகள் அசையாமையே காரணம் என்று ஸ்வீடனின் அஃப்ஸீலியஸ் 1976இல் காட்டினார். சுண்டெலிக் கருவில் நோட் என்னும் சிறு பள்ளத்திலுள்ள குற்றிழைகள் சுழல்வதால் அங்குள்ள திரவம் இடப்பக்கமாக ஓடுகிறது என்பதை டோக்கியோவில் ஹிரோகாவா குழுவினர் 1998இல் கண்டனர்; அவை பின்பக்கம் சாய்ந்து சுழல்வதே ஓட்டம் ஒரே பக்கமாகச் செல்லக் காரணம் என்பது 2005இல் தெளிவானது. 2002இல் அவ்வோட்டத்தைச் செயற்கையாக வலப்பக்கம் திருப்பியபோது உறுப்புகளின் இடமும் வலமும் மாறின. மூச்சுக்குழாயில் சளியை வெளித்தள்ளுபவையும் குற்றிழைகளே. அவை அசையாதபோது சளி தேங்குகிறது. கருவில் திசையோ தற்செயலுக்கு விடப்படுகிறது.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதை இங்கே நான் மருத்துவர்களிடம் வேண்டுகோளாக வைக்கிறேன். இக்குறைபாடுள்ளோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயம் இடப்பக்கமே இருக்கும். அவர்களைக் காட்டிக்கொடுக்க ஸ்டெதாஸ்கோப் உதவாது. ஆகவே, பிறந்ததிலிருந்து நாள்தோறும் சளியோடு இருமும் குழந்தை உங்களிடம் வந்தால், இதயம் எப்பக்கம் இருந்தாலும், குற்றிழைப் பரிசோதனைக்கு அனுப்பிவையுங்கள்.