சர்க்கரை வந்துவிட்டது, அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

அடுத்த கேள்வி ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். "எதையும் ஏற்றுக்கொண்டால் மனசு அமைதியாகும் என்று சொன்னீங்க. எனக்கு 41 வயது. போன மாதம் சர்க்கரை இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. மனைவியிடம்கூட இன்னும் சொல்லவில்லை, ராத்திரி தூக்கம் போய்விட்டது. இதையும் விதி என்று ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

தம்பி, சும்மா இருக்கச் சொல்லவே இல்லை. இப்போதுதான் நீங்கள் சும்மா இருக்கிறீர்கள், ஏனென்றால் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒத்துக்கொள்ளாதவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். "பார்டர்லதான் இருக்கு" என்பார்கள். கல்யாண வீட்டில் இலையில் விழுந்த ஜாங்கிரியை ஒரு நாள்தானே என்று சாப்பிடுவார்கள். அப்புறம் டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைத்து, ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு நிறுத்தி, வெறும் வயிற்று அளவை நல்லபடியாகக் காட்டிவிட்டு வருவார்கள். ஆனால் ஹெச்பிஏ1சி என்ற டெஸ்டில் இது செல்லாது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும், அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்த டெஸ்ட் பார்க்கிறது, அதனால் கடந்த இரண்டு மூன்று மாதம் எப்படி இருந்தீர்கள் என்பது தெரிந்துவிடும். டாக்டரிடம் மறைத்து யாருக்கு என்ன லாபம்?

சரி, தூக்கத்துக்கு வருவோம். சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுந்திருக்க வேண்டியிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், அது வேறு விஷயம். மற்றபடி உங்களைத் தூங்கவிடாமல் செய்வது 'எனக்கு ஏன் வந்தது, நேரத்துக்குச் சாப்பிட்டிருந்தால் வந்திருக்காதோ, பிள்ளைகளுக்கும் வருமோ' என்று விடிய விடிய ஓடுகிற யோசனைதான். 1979இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், ஜான் கபாட்-சின் என்பவர் தீராத வலியோடு வாழ்ந்தவர்களுக்காக ஒரு பயிற்சி ஆரம்பித்தார். வலியை விரட்டச் சொல்லவில்லை. அது எங்கே இருக்கிறது, கூடுகிறதா, குறைகிறதா என்று தள்ளிவிடாமல் கவனிக்கச் சொன்னார். இன்றைக்குப் பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் அதைச் சொல்லித்தருகிறார்கள். பயத்துக்கும் அப்படியே செய்து பாருங்கள். ராத்திரி நெஞ்சு படபடக்கும்போது பயப்படக் கூடாது என்று உங்களை நீங்களே அதட்டாதீர்கள், பயம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அழுகை வந்தால் அழுங்கள், ஆம்பளை அழக் கூடாது என்பதெல்லாம் வேண்டாம்.

ஒரே நாளில் மனசு ஒத்துக்கொள்ளாது. இன்றைக்குத் தெளிவாக இருப்பீர்கள், அடுத்த வாரம் யாராவது பாயசம் குடிப்பதைப் பார்த்துக் கோபம் வரும். வரட்டும். ஆனால் ஒத்துக்கொள்ள ஆரம்பித்தவருக்குத் தன் உடம்பைப் பற்றிக் கற்றுக்கொள்கிற ஆர்வம் வந்துவிடும். நாலு இட்லி சாப்பிட்டால் எவ்வளவு ஏறுகிறது, சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் நடந்தால் எவ்வளவு வித்தியாசம் என்று குளுக்கோமீட்டரில் அவரே பார்த்துக்கொள்வார். அந்த எண்ணைப் பார்க்கவே பயந்தவர்தான் அவர்!

முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். வீட்டுச் சமையல் மாறாமல் நீங்கள் மட்டும் மாற முடியாது, அதோடு நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்று அவருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அப்புறம் இரண்டு பேருமாக டாக்டரிடம் போங்கள். கண்ணின் விழித்திரையையும் பாதத்தையும் வருடத்துக்கு ஒரு முறையாவது பரிசோதிக்க வேண்டும், அதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.