சைலன்சருக்குள் பஞ்சு மாற்றும் வேலை

வணக்கம் நேயர்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ஸ்டாங்கரிலும் பைக் ஓட்டும் வீடுகளுக்கானது இந்தப் பேச்சு. சைலன்சருக்குள் இருக்கும் பஞ்சை வீட்டிலேயே எப்படி மாற்றுவது என்று பார்க்கப்போகிறோம். இரும்புக் குழாய்க்குள் பஞ்சா என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

முதல் கேள்வி, உங்கள் சைலன்சரில் பஞ்சு இருக்கிறதா? கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் பெரும்பாலான சாலை வண்டிகளில், சாப்பாடு கொண்டுபோகும் 125 சிசி வண்டிகள் உட்பட, சைலன்சருக்குள் தடுப்புச் சுவர்களும் அறைகளும்தான். சுற்றிலும் வெல்டிங். அதை அறுத்துப் பார்க்காதீர்கள், உள்ளே மாற்ற ஒன்றும் இல்லை. பிறகு வாங்கி மாட்டிய நேர்க்குழாய் சைலன்சர்களிலும், மண் பாதையில் ஓடும் எண்டூரோ, மோட்டோகிராஸ் வண்டிகளிலும்தான் பஞ்சு இருக்கும். எஞ்சின் ஆறியபின் பின்வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். சல்லடை போல ஓட்டை போட்ட குழாய் நேராகத் தெரிந்து, மூடிகளில் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணியோ போல்ட்டோ இருந்தால் உங்கள் வண்டி இந்த வகை.

வேலை செய்யும் விதம் எளிது. புகை அந்தச் சல்லடைக் குழாய் வழியே நேராகப் போய்விடும். சத்தம் மட்டும் ஓட்டைகள் வழியே பக்கவாட்டில் பஞ்சுக்குள் புகுந்து, இழைகளில் உரசி உரசிச் சூடாக மாறிக் கரையும். அந்தப் பஞ்சு கண்ணாடி இழை அல்லது பசால்ட் பாறை இழை. கண்ணாடி இழை உருகுவதற்கு வெகு முன்பே பலம் போய் நொறுங்கும். நொறுங்கிய தூள் ஓட்டை வழியே வெளியே போய்விடும். எஞ்சின் பக்கம் சூடு அதிகம் என்பதால் அந்த முனைதான் முதலில் காலியாகும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் இன்னொரு தொல்லை: எரியாத எண்ணெய் பஞ்சில் ஊறிக் கெட்டியாகிவிடும். ஊறிய பஞ்சு சத்தத்தை வாங்காது, எடைதான் கூடும்.

ஆகவே பஞ்சு என்பது பிரேக் கட்டை மாதிரி தேயும் பொருள். பந்தய ஓட்டத்தில் இரண்டு ஸ்ட்ரோக்குக்கு 15, 20 மணி நேரத்திலேயே மாற்றுகிறார்கள். சாலையில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் 10,000 முதல் 20,000 கிலோமீட்டர் வரை தாங்கலாம். கணக்கு வைக்காதவர்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கலாம். ஆறிய சைலன்சர் 'தொப்' என்றால் பஞ்சு இருக்கிறது. தவில் மாதிரி அதிர்ந்தால் போய்விட்டது. மேல் உறை நிறம் மாறினாலும் பெயிண்ட் கொப்பளித்தாலும் தட்டிப் பார்க்கவே வேண்டாம், அங்கே சூடான புகை நேராக உறையைத் தொடுகிறது.

பிரிப்பதற்கு முன் இழைத் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நீளக்கை சட்டை, நைட்ரைல் கையுறை, நுண்தூளைத் தடுக்கும் எஃப்எஃப்பி2 முகமூடி எல்லாம் வேண்டும். வெளியே செய்யுங்கள். பழைய பஞ்சில் தண்ணீர் தெளித்துவிட்டு எடுத்தால் தூள் பறக்காது. காற்றுக் குழாயால் ஊதவே கூடாது. தோல் அரித்தால் தேய்க்காமல் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். போட்டிருந்த துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

வண்டியிலிருந்து கழற்றுவது சாதாரண வேலை: ஸ்பிரிங்குக்குக் கொக்கி, கிளாம்புக்கு ஸ்பேனர். கழற்றியதும் உறைக்கும் மூடிக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். ரிவெட் ஓட்டைகள் பெரும்பாலும் சம இடைவெளியில் இருக்காது. அப்போது மூடி ஒரே ஒரு நிலையில்தான் பொருந்தும். கோடு இல்லாவிட்டால் கடைசியில் பஞ்சு திணித்த சைலன்சரை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ரிவெட் பெரும்பாலும் 4.8 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் ஊசியை முதலில் பன்ச்சால் உள்ளே தட்டிவிட்டு, தலையை மட்டும் துளையிடுங்கள். உறையைத் துளைக்கக் கூடாது. ஸ்டெயின்லெஸ் ரிவெட்டுக்குக் கோபால்ட் பிட், மெதுவான சுற்று, கொஞ்சம் எண்ணெய். வேகமாகச் சுற்றினால் தலை கடினமாகி, பிட் முனை மழுங்கும். சில ரிவெட் பிட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். அதன் ஓரத்தை வைஸ் கிரிப் இடுக்கியால் பிடித்துக்கொண்டு துளையிடுங்கள்.

சல்லடைக் குழாயைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். இரண்டு ஸ்ட்ரோக்கில் ஓட்டைகள் கரியால் அடைத்திருக்கும். பாரஃபினில், அதாவது மண்ணெண்ணெயில், ஊறவைத்து, ஒவ்வொன்றையும் கூரான கம்பியால் திறக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் ஓட்டை அடைத்திருந்தால் புதுப் பஞ்சுக்குப் பயன் இல்லை. குழாய் மூடியோடு சேரும் வெல்டிங்கில் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இப்போது பஞ்சு. பெரும்பாலான வீட்டு வேலை கெடுவது இங்கேதான். கூரையில் போடும் இன்சுலேஷன் பஞ்சை வைக்காதீர்கள். அதில் இழைகளை ஒட்டும் பிசின் எரிந்துபோக, இழைகள் கட்டியாகிவிடும். பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்புக் கம்பளி எரியும், துருப்பிடிக்கும். உலைக்கு வைக்கும் செராமிக் கம்பளியும் வேண்டாம். அந்த வகை இழை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. சைலன்சர் பஞ்சு என்றே விற்பதை வாங்குங்கள். நான்கு ஸ்ட்ரோக் என்றால், குழாயை ஒட்டி ஒரு சுற்று ஸ்டெயின்லெஸ் கம்பளி, அதன் மேல் பஞ்சு. அந்த ஒரு சுற்று நேர்ச் சூட்டை வாங்கிக்கொள்வதால் பஞ்சு நீண்ட நாள் நிற்கும்.

அளவை எடை போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். தயாரித்தவர் எடை சொல்லியிருந்தால் அதுவே முடிவு. சொல்லாவிட்டால் ஒரு லிட்டர் இடத்துக்கு 100 முதல் 150 கிராம். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். உறையின் உள்விட்டம் 10 சென்டிமீட்டர், குழாயின் வெளிவிட்டம் 5, நீளம் 35 என்று வைப்போம். 10ஐ 10ஆல் பெருக்கினால் 100. 5ஐ 5ஆல் பெருக்கினால் 25. வித்தியாசம் 75. அதை 0.785ஆலும் 35ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 2,060, அதாவது இரண்டு லிட்டர். பஞ்சு 200 முதல் 300 கிராம். தராசின் மேல் பிளாஸ்டிக் பை விரியுங்கள், நாளைக்கு அதில் மாவு நிறுக்க வேண்டும் அல்லவா.

நிறையத் திணித்தால் சத்தம் இன்னும் குறையும் என்று நினைப்பது தவறு. இலவம் பஞ்சை அளவுக்கு மீறித் திணித்த மெத்தை பலகையாகிவிடும் அல்லவா, அதே கதை. இழைகளுக்கு நடுவே இடம் இல்லாவிட்டால் சத்தம் உள்ளே புகாமல் திரும்பிவிடும். தளர்வாக வைத்தாலோ, சில வாரங்களிலேயே அதிர்வில் ஒரு பக்கம் கூடி, நடுவில் குழி விழும்.

பஞ்சைக் குழாயில் ஒரே திசையில் சுற்றுங்கள், இரண்டு முனையிலும் அரை சென்டிமீட்டர் விட்டு. மூடிக்கும் குழாய்க்கும் இடையே ஓர் இழை மாட்டினாலும் குழாய் சரியாக உட்காராது, பிறகு கடகடக்கும். சுற்றி முடித்ததும் மாஸ்கிங் டேப்பை மூன்று இடத்தில் இறுக்கி ஒட்டுங்கள். அது முதல் ஓட்டத்திலேயே எரிந்துவிடும், தீங்கில்லை. மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி சைலன்சர் உறைக்குள் செலுத்தினால் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு பிளாஸ்டிக்கை உருவிவிடுங்கள். உறையைத் தள்ளும்போது பஞ்சு சுற்றிய திசையிலேயே திருப்புங்கள். எதிர்த்திசையில் திருப்பினால் முழுதும் சுருண்டு ஒரு மூலையில் குவியும்.

மூடி விளிம்பில் உயர்சூடு தாங்கும் சிவப்பு அல்லது செம்பு நிற சிலிகோன் பசை, மெல்லிய கோடு போதும். ரிவெட் நீளம்: தகடுகளின் மொத்தத் தடிமனோடு ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். தடிமன் 4 மில்லிமீட்டர் என்றால் 4.8 ரிவெட்டுக்கு 11 சொச்சம், 12 வாங்கலாம். குட்டையான ரிவெட் பிடிக்காது. முதலில் எதிரெதிர் ரிவெட்டுகளாக அடித்து வாருங்கள். டர்பன் கடற்கரைக் காற்றில் அலுமினிய உறையில் ஸ்டெயின்லெஸ் ரிவெட் அடித்தால், உப்பு ஈரம் பட்டு ரிவெட்டைச் சுற்றி அலுமினியம் வெண்பொடியாக அரிக்கும். ரிவெட் உடலில் சிலிகோன் தடவி அடித்தால் அது தாமதமாகும்.

வண்டியில் மாட்டும்போது எல்லா போல்ட்டையும் தளர்வாகவே போட்டுவிட்டு, எஞ்சின் பக்கம் முதலில், தாங்கி கடைசியில் என்று இறுக்குங்கள். மாறிச் செய்தால் குழாயில் இழுப்பு ஏறி, தாங்கியில் கீறல் விழும். சிலிகோனுக்கு ஒரு நாள் விடுங்கள். பிறகு வெளியே நிறுத்தி 10 நிமிடம் ஓடவிடுங்கள். டேப் எரியும் புகை வரும், பயப்பட வேண்டாம். மூடிய கராஜில் மட்டும் செய்யாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. முதல் 50 கிலோமீட்டர் போனபின் கிளாம்பை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

மண் பாதைக்காரர்களுக்கு ஒன்று. பின்மூடியில் தீப்பொறி வலை இருந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள், கரியைத் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். நேட்டால் உள்நாட்டில் குளிர்காலப் புல் காய்ந்து நிற்கும்போது ஒரு பொறி போதும். சைலன்சர் இல்லாமல் பொதுச் சாலையில் ஓட்டுவதையும் 2000ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குவிதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே பஞ்சு வந்துசேரும்வரை வெறும் குழாயோடு கடைவீதிவரை போய்வரலாம் என்று நினைக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.